பேசாதவருக்கு வந்த போன்

மைக்காரர் என்றால் அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் தெரியாதவர் கிடையாது. ஆனால் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. அறிவிப்பு அறை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு மேசை, ஒரு மைக், ஒரு ஸ்டூல் போட்டால் கதவைச் சாத்த முடியாது. அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எந்த நடைமேடை, எந்தப் பயணி எந்தப் பெட்டியை மறந்துவிட்டுப் போனார் என்று இருபது வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார். கணீரென்ற குரல். வண்டி தாமதம் என்பதைக்கூட அவர் சொன்னால் ஏதோ நல்ல சேதி மாதிரி இருக்கும். அவர் "வருந்துகிறோம்" என்று சொல்லும்போது, கீழே நிற்கிற ஜனங்கள் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து "பரவால்ல சார்" என்று பதில் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டிலும் அதே வேலைதான். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "உள்ளே இருப்பவர் விரைவில் வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்" என்பார். அவருடைய மனைவிக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை. பகலெல்லாம் தையல் மிஷின்களின் இரைச்சல், சாயங்காலம் இவருடைய இரைச்சல். நடுவில் தனக்கென்று ஏதாவது பேச வேண்டும் என்றால் அந்த அம்மாள் இவர் தண்ணீர் குடிக்கும் நேரம் பார்த்துத்தான் பேச வேண்டும்.

அப்படிப்பட்ட மனிதருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. முதலில் கரகரப்பு. சளி என்று நினைத்துக் கஷாயமாகக் குடித்துத் தள்ளினார். கடைசியில் மருத்துவர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்பெட்டியை எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார், இல்லாவிட்டால் இரண்டும் போகும் என்று சொல்லிவிட்டார். அறுவைச் சிகிச்சைக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது, மயக்க மருந்து கொடுக்க வந்த பெண் கேட்டாள்: "பேசறதுக்கு இதுதான் கடைசி சந்தர்ப்பம் ஐயா. ஏதாவது சொல்லணுமா?"

மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மைக்காரர் மேலே பார்த்தார்.

"அந்த ஃபேன் கிரீச் கிரீச்சுங்குது. எண்ணெய் போடச் சொல்லுங்க" என்றார்.

அதுதான் அந்தக் குரலின் கடைசி அறிவிப்பு. "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவகிட்ட ஒரு வார்த்தை உண்டா? ஃபேனுக்கு எண்ணெயாம்!" என்று மனைவி சொல்லாத சொந்தக்காரர்கள் பாக்கி இல்லை.

பிழைத்துக்கொண்டார். கழுத்தின் அடியில் ஒரு காசு அளவு துளை. மூச்சு இனி அது வழியாகத்தான். அதன் மேல் மெல்லிய துணி ஒன்றைக் கட்டிக்கொள்வார். தும்மல் வந்தால் பழக்கதோஷத்தில் கை மூக்குக்குப் போகும்; தும்மல் கழுத்திலிருந்து வரும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் துடைத்துக்கொள்வார்.

மருத்துவமனையில் ஒரு கருவியும் கொடுத்தார்கள். சின்ன டார்ச் லைட் மாதிரி இருக்கும். தாடைக்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தால், அது அதிர்ந்து வார்த்தையாக வெளியே வரும். வந்தது. மிக்ஸிக்குள் யாரோ மாட்டிக்கொண்டு உதவி கேட்பது போல வந்தது. மைக்காரர் ஒரே ஒரு வாக்கியம் பேசிப் பார்த்தார். தன் காதால் அதைக் கேட்டார். அணைத்து, உறைக்குள் போட்டு, அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கையசைப்பு, உதட்டசைப்பு, அவசரம் என்றால் செல்போனில் எழுதிக் காட்டுவது. எழுதும்போது காற்புள்ளி, அரைப்புள்ளி எதையும் விடமாட்டார்.

பேச்சை முழுதாக இழந்தவர் என்று அரசாங்கம் அவருக்கு மாதாமாதம் ஊனமுற்றோர் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. மூன்று மருத்துவர்கள் உட்கார்ந்த குழு அவருடைய கழுத்தை ஆளுக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது. அதில் ஒன்றும் சிக்கல் இல்லை.

சிக்கல், மனைவியின் தொழிற்சாலை வெளிநாட்டில் ஒரு கிளை திறந்தபோது ஆரம்பித்தது. புதிதாகச் சேரும் பெண்களுக்குக் காலர் தைக்கக் கற்றுக்கொடுக்க அனுபவசாலி ஒருத்தி வேண்டும் என்று அவளை அனுப்பினார்கள். இவரும் கூடப் போனார். மூன்றாவது மாடியில் ஒரு படுக்கையறை வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரில் சலவைக் கடையின் புகைபோக்கி. நாள் முழுக்கச் சோப்பு வாசனை. மனைவியின் தம்பி ஏற்கெனவே அதே ஊரில் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட வந்துவிடுவான்.

அந்த நாட்டு மொழி கணவன், மனைவி இரண்டு பேருக்குமே தெரியாது. திணறியது மனைவிதான். கடையில் போய் நின்று உரக்கச் சொல்லிப் பார்ப்பாள், மெதுவாகச் சொல்லிப் பார்ப்பாள், கடைசியில் கோபித்துக்கொண்டு வெறும் பையோடு திரும்புவாள். மைக்காரருக்கு அந்தத் தொல்லையே இல்லை. விரலால் காட்டுவார், கையால் அளவு சொல்வார், புருவத்தை உயர்த்தி விலை கேட்பார், உதட்டைப் பிதுக்கிக் குறைக்கச் சொல்வார். கடைக்காரர்கள் அவரை உள்ளூர் ஆள் என்றே நினைத்தார்கள். முடிவெட்டுகிற கிழவர் இவருக்குத் தன் குடும்பக் கதை முழுவதையும் அந்த மொழியில் சொல்லி அழுதிருக்கிறார். இவரும் சரியான இடங்களில் தலையாட்டியிருக்கிறார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு ஊரில் இவருக்கு இருந்த குறை வாய் பேசுகிற மனைவிக்கும் இருந்தது.

வெளிநாட்டில் இருந்தாலும் உதவித்தொகை உண்டு. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும். ஆள் உயிரோடு இருக்கிறார். ஊனம் அப்படியே இருக்கிறது. முதல் இரண்டு வருஷம் தூதரக அலுவலகத்தில் ஒரு தாளில் முத்திரை வாங்கி அனுப்பினார்கள், முடிந்தது. மூன்றாவது வருஷம் தகவல் வந்தது: பயனாளிகள் அலைய வேண்டாம், இனிமேல் அலுவலகத்திலிருந்தே தொலைபேசியில் கூப்பிட்டு உறுதி செய்துகொள்வார்கள்.

மனைவிக்கு ஏக சந்தோஷம். "பாத்தீங்களா, எவ்வளவு வசதி பண்ணிட்டாங்க!"

மைக்காரர் அவளையே பார்த்தார். பிறகு தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அவளுக்கு அப்போது புரியவில்லை.

போன் வந்த அன்று அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். சரிபார்ப்பு அலுவலகத்திலிருந்து ஒரு இளைஞன்.

"வணக்கம் மேடம். பயனாளிகிட்ட குடுங்க."

"அவரால பேச முடியாதுங்களே."

"தூங்குறாரா?"

"இல்ல, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கார். எதிர்ல உக்காந்திருக்கார்."

"அப்ப குடுங்க மேடம், ஒரு நிமிஷம்தான்."

"தம்பி, பேச்சு போனதுக்குத்தானே நீங்க பணமே குடுக்கறீங்க?"

"எதுக்குக் குடுக்கறோம்னு என் ஸ்கிரீன்ல வராது மேடம். 'பயனாளி தன் குரலில் உறுதி செய்தார்'னு இருக்கு. ஆமா, இல்லன்னு ரெண்டு பட்டன். நான் எதை அமுக்கறது?"

"ரெண்டையும் அமுக்காதீங்க."

"அமுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போக முடியாது மேடம். எனக்கு இன்னிக்கு இன்னும் நிறையப் பேரு இருக்காங்க."

அவள் போனை மைக்காரர் வாயருகே கொண்டுபோனாள். அவர் என்ன செய்வார் பாவம், உதட்டை அசைத்தார். கழுத்திலிருந்து 'ஸ்ஸ்' என்று காற்று வந்தது.

"லைன்ல காத்து சத்தம் மட்டும்தான் கேக்குது மேடம். மறுபடி கூப்பிடறேன்" என்று இளைஞன் வைத்துவிட்டான். அன்று சாயங்காலமே செல்போனில் தகவல் வந்தது. பயனாளி பதிலளிக்கவில்லை. இன்னும் இரண்டு வாய்ப்புகள்.

இரண்டாவது அழைப்புக்கு முன்பு வீட்டில் ஆலோசனை நடந்தது. ஆலோசனை என்றால் மனைவி பேசினாள், அவர் மறுத்துத் தலையாட்டினார். அலமாரியிலிருந்து அந்தக் கருவியை எடுக்க வேண்டும் என்பது அவளுடைய கட்சி. 'அந்த ஓசையில் என்னை யாரும் கேட்க வேண்டாம்.' என்று அவர் போனில் எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்துக் காட்டினார்.

"யாரோ முகம் தெரியாத பையன்தானே. அவன் கேட்டா என்ன? எனக்காக ஒரு தடவை."

எடுத்தார். மின்கலம் மாற்றினார். கண்ணாடி முன் நின்று இரண்டு நாள் பழகினார். அழைப்பு வந்ததும் தாடைக்குக் கீழே கருவியை அழுத்திக்கொண்டு, பழைய தொழில் முறைப்படி நிறுத்தி நிதானமாக, ஏற்ற இறக்கமே இல்லாத அந்த இரும்புக் குரலில் சொன்னார்: "வணக்கம். பயனாளி பேசுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன்."

மறுமுனையில் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஹலோ? மனுஷங்க யாராவது இருக்கீங்களா?"

"நான் உயிரோடு இருக்கிறேன்."

"எந்த எண்ணை அமுக்கணும்னு சொல்லவே மாட்டேங்குதே" என்று இளைஞன் பக்கத்து நாற்காலிக்காரனிடம் சொல்வது காதில் விழுந்தது. "ரெக்கார்டிங்டா. நம்ம அவங்களுக்குப் போன் பண்ணா அவங்க மெஷினை விட்டுப் பேச வைக்கறாங்க." இணைப்பு அறுந்தது.

மைக்காரர் கருவியைக் கீழே வைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோய் மனைவி கிட்டே ஓடினாள். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார். கொஞ்ச நேரம் அவளும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் தம்பி தீர்ப்புச் சொன்னான். "இதெல்லாம் ஒரு விஷயமா அக்கா? நான் பேசறேன். 'ஆமாங்க, நான்தாங்க, உயிரோட இருக்கேங்க.' மூணு வார்த்தை. முடிஞ்சுது."

மைக்காரர் கையை வேகமாக ஆட்டினார். கூடாது.

"மாமா, நீங்க சும்மா இருங்க. உங்களுக்குப் பதிலா அக்கா இத்தனை வருஷமா பேசல? அதே மாதிரி நானும் பேசறேன்."

மைக்காரர் 'அது வேறு, இது மோசடி.' என்று எழுதிக் காட்டினார். மனைவி படித்தாள். அவர் சொல்வது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நிஜத்தை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று, அது எடுபடவில்லையே. மூன்றாவது அழைப்பு வந்தபோது தம்பி வீட்டில்தான் இருந்தான்; மைக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். கழுத்துத் துளைக்குள் தண்ணீர் இறங்காமல் குளிக்க வேண்டும், சீக்கிரம் முடியாது. அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி போனை எடுத்தான்.

"ஆமாங்க, நான்தாங்க. உயிரோட இருக்கேங்க."

"அப்பாடா!" என்றான் அந்த இளைஞன். நிஜமாகவே சந்தோஷப்பட்டான். "மூணாவது தடவை சார் உங்களைப் பிடிக்கறேன். எப்படி இருக்கீங்க? உடம்பெல்லாம் பரவால்லையா?"

அதோடு தம்பி வைத்திருக்கலாம். அக்கா கையைக் காட்டி வை, வை என்றாள். ஆனால் அன்பாக விசாரித்தால் அவனுக்குத் தலைகால் புரியாது.

"கடவுள் புண்ணியத்துல ரொம்ப நல்லா இருக்கேன் தம்பி. இங்க தண்ணி, காத்து எல்லாம் ஒத்துக்கிச்சு. அந்தத் தொண்டைத் தொந்தரவுகூட இப்ப சுத்தமா இல்ல. சும்மா கணீர்னு ஆயிடுச்சு."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

துண்டோடு வெளியே வந்த மைக்காரர் இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

பத்து நாளில் தகவல் வந்தது. அரசாங்கம் வாழ்த்துத் தெரிவித்திருந்தது. பயனாளிக்குப் பேசும் திறன் மீண்டும் கிடைத்ததால் உதவித்தொகை ரத்து செய்யப்படுகிறது. ஆட்சேபணை இருந்தால் தூதரக அலுவலகத்துக்கு நேரில் வரலாம்.

அதற்குப் பிறகு மூன்று நாள் மைக்காரர் மனைவியோடு பேசவில்லை. எப்போதுமே பேசாதவர் பேசாமல் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கலாம். கண்டுபிடிக்கலாம். கையை அசைக்கவில்லை, புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. காலையில் அவளுக்குத் தேநீர் போட்டு வைத்தார், ஆனால் மேசையில் அதை 'டொக்'கென்று வைத்தார். நாலாவது நாள் அவள் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு, "கிளம்புங்க. நானே போய் நடந்ததைச் சொல்றேன். ஜெயில்ல போட்டா போடட்டும். அங்கயாவது யாராவது என்கூடப் பேசுவாங்க" என்றாள். அதற்கு அவர் முகத்தில் லேசாக ஒரு அசைவு தெரிந்தது.

தூதரக அலுவலகத்தில் காத்திருப்போர் கூடம் நிரம்பி வழிந்தது. கடவுச்சீட்டு தொலைத்தவர்கள், பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவர்கள், எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோய் உட்கார்ந்திருந்தவர்கள். உட்கார இடமில்லாமல் இவர்கள் இரண்டு பேரும் ஒரு தடித்த தூணுக்குப் பின்னால் நின்றார்கள். சீட்டு எண்ணைக் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த எண். நெடுநேரம் காத்திருந்த பிறகு, மனைவி கழிப்பறைக்குப் போன அந்தக் கொஞ்ச நேரம் பார்த்துத்தான் இவர் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

மைக்காரர் கையைத் தூக்கினார். தூண் மறைத்தது. முன்னால் போகப் பார்த்தார். குழந்தை வண்டி ஒன்று குறுக்கே நின்றது. கையைத் தட்டினார். கூடத்தின் இரைச்சலில் அது எந்த மூலைக்கு?

"இல்லையா? இல்ல போலிருக்கு" என்றார் சன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர். அடுத்த எண்ணையும் கூப்பிடவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டு 'உணவு இடைவேளை' என்ற பலகையை எடுத்தார்.

மைக்காரர் சட்டைப் பையில் கருவி இருந்தது. மருத்துவச் சான்றுகளோடு காட்டுவதற்காக மனைவி வற்புறுத்திப் போட்டு வைத்தது. ஊர் பார்க்க அதைக் கழுத்தில் வைப்பதில்லை என்று இத்தனை வருஷம் இருந்த மனிதர் ஒரு கணம் கண்ணை மூடினார். எடுத்தார். ஒலி அளவைக் கடைசி வரைக்கும் திருப்பினார். தாடைக்கு அடியில் அழுத்தினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

கூடம் கப்சிப்பென்று அடங்கியது. அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தைகூட நிறுத்திவிட்டு மேலே ஒலிபெருக்கியைத் தேடியது.

"இரண்டாம் எண் சன்னலில் அழைக்கப்பட்ட நபர், உயிருடன், இந்தத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார். குழந்தை வண்டிக்கு உரியவர் தயவுசெய்து வழிவிடவும். ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்."

குழந்தை வண்டி நகர்ந்தது. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. யாரோ கைதட்டினார்கள். கழிப்பறையிலிருந்து ஓடி வந்த மனைவி, ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டாள். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து கண்ணாடி போட்ட அதிகாரி அம்மாள் ஒருவர் எழுந்து வந்து, இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்.

மனைவி எதையும் மறைக்கவில்லை. "போன்ல பேசினது இவரில்ல மேடம். என் தம்பி. நான்தான் பேச விட்டேன்."

"அது குத்தம்மா."

"தெரியும் மேடம். ஆனா உண்மையா இவரே பேசினப்ப ரெக்கார்டிங்னு சொல்லிட்டாங்க. உண்மையா இவர் பேசாம இருந்தப்ப ஆளே இல்லைன்னுட்டாங்க. பொய் சொன்னப்பதான் வாழ்த்து அனுப்பறாங்க."

அதிகாரி அம்மாள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டு ஒரு விளக்கம் தரச் சொன்னார். அதை மைக்காரரே எழுதினார். அந்த அலுவலகத்தில் அவ்வளவு சுத்தமான நிறுத்தக்குறிகளோடு ஒரு மனு வந்ததில்லை. பிறகு அந்த அம்மாள் கணினியில் வீடியோ அழைப்புப் போட்டுச் சரிபார்ப்பு அலுவலகத்தைப் பிடித்தார். திரையில் அந்த இளைஞன் தெரிந்தான். குரலை வைத்து மனைவி நினைத்திருந்ததைவிடச் சின்னப் பையன், காதில் பெரிய ஹெட்போன்.

"இவர் உயிரோட இருக்கார். நான் நேர்ல பாக்கறேன். குரல் இல்ல. பதிஞ்சுக்கோங்க" என்றார் அதிகாரி அம்மாள்.

"மேடம், ரெண்டுக்கும் தனித்தனியா ஆதாரம் கேக்குமே."

அந்த அம்மாள் யோசித்தார். மைக்காரர் யோசிக்கவில்லை. கழுத்துத் துணியை அவிழ்த்தார். மேசையிலிருந்த பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டையை உருவி, துளைக்கு முன்னால் பிடித்தார். வாயை இறுக மூடிக்கொண்டார். இன்னொரு கையால் மூக்கையும் பொத்திக்கொண்டார். மூச்சு விட்டார். காகிதம் படபடவென்று ஆடியது. உள்ளே இழுத்தார். காகிதம் போய்க் கழுத்தில் ஒட்டிக்கொண்டது. மறுபடி ஆடியது.

இளைஞன் திரைக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டான். அவன் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. "வாயும் மூக்கும் மூடியிருக்கு..." என்றான் மெதுவாக. அப்புறம் ஹெட்போனைக் கழற்றினான். "சார், அன்னிக்கு அந்தக் குரல்... அது நீங்களா? நான் மெஷின்னு நெனச்சுக் கட் பண்ணிட்டேன் சார்."

மைக்காரர் கருவியை எடுத்து வைத்தார். "பரவாயில்லை தம்பி. நானும் அப்படித்தான் நினைத்தேன்."

உதவித்தொகை திரும்ப வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் தம்பி பல ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. கடைசியில் மைக்காரரே அவனுக்குப் போன் போட்டு, அந்த இரும்புக் குரலில், "சாப்பாடு தயார். வரவும்" என்றார். குரல் போன பிறகு மாமா தன்னோடு போனில் பேசியது அதுதான் முதல் தடவை என்பதால் பையன் பயந்துபோய் அரை மணிக்குள் வந்து நின்றான்.

அடுத்த வருஷம் சரிபார்ப்பு வீடியோவில் நடந்தது. மைக்காரர் கூப்பிட்டதும் வீட்டுக்கு ஓட மனைவி மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காலர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிடவே இல்லை. வீட்டுக்கு வந்தால், மைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையும் வாரிய தலையுமாக உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன் கூப்பிட்டானா?"

தலையாட்டினார்.

"என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டியதுதானே? ஓடி வந்திருப்பேனே."

கையைத் துடைத்துக்கொண்டு கருவியை எடுத்தார். "நானே பேசிவிட்டேன். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் அதே அலுவலகம்."

"அதெல்லாம் எப்படித் தெரியும்?"

"கேட்டேன்."

அவள் கைப்பையை நாற்காலியில் வைத்தாள். இரண்டு நாளாக மனசுக்குள் தயார் பண்ணி வைத்த பதில்கள் எல்லாம் வீணாய்ப் போன கோபம் முகத்தில் தெரிந்தது.

"பொண்ணு எந்த ஊராம்?" என்றாள் கடைசியில்.